நாள்பட்ட சைனஸ்: அறுவை சிகிச்சைக்கு முன்பும் பின்பும் தினமும் செய்ய வேண்டியவை

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கும் சகோதரி ஒருவர் தம் கணவருக்காகக் கேட்டிருக்கிறார். கணவருக்கு வயது 43. இரண்டாம் வகை நீரிழிவு உண்டு. மூன்று ஆண்டுகளாக மூக்கடைப்பு, தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும் சளி, சென்ற ஆண்டிலிருந்து வாசனையே தெரியாத நிலை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துப் புகை கிளம்பியும் பக்கத்தில் நின்ற அவருக்குத் தெரியவில்லையாம். இதுவரை ஐந்தாறு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாயிற்று. இரவில் சொட்டு மருந்து விடாமல் உறக்கம் வருவதில்லை. அண்மையில் மருத்துவமனையில் மூக்கினுள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் சதை வளர்ந்திருக்கிறது, அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றிருக்கிறார்கள். உறவினர் ஒருவருக்கு அறுவைக்குப் பிறகும் நான்கே ஆண்டுகளில் திரும்ப வந்துவிட்டதே, அப்படியானால் எதற்காகச் செய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய கேள்வி. தலைக்குக் குளிப்பதைக் குறைத்து ஆவி பிடித்தாலே போதும் என்று மாமியார் சொல்வது சரியா என்றும் கேட்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. பொது மருத்துவமனை ஒன்றின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை பார்த்தவள். ஆகவே உங்கள் கணவரை நேரில் சோதித்த மருத்துவரின் சொல்லுக்கு மேலாக என் சொல்லை வைக்க வேண்டாம். ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மூக்குகளின் அருகே நின்றதில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு இருப்பது, ஒரு கிருமியைக் கொன்றுவிட்டால் தீர்ந்துபோகும் நோய் அன்று. மூக்கின் உட்சவ்வும் அதை ஒட்டிய அறைகளின் சவ்வும் ஓயாமல் அழற்சியுற்று வீங்கிக் கிடக்கும் நிலை அது. நீரிழிவை எப்படித் தினமும் கவனிக்கிறாரோ அப்படியே இதையும் தினமும் கவனிக்க வேண்டும். இதை மனம் ஏற்றுக்கொண்டால், அறுவையைப் பற்றிய குழப்பத்தில் பாதி தானாகவே விலகிவிடும்.

ஏன் இப்படித் தேங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வது பயனுள்ளது. நம் முகத்தின் எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் இருக்கின்றன: கன்னங்களில் ஓர் இணை, நெற்றியில் ஓர் இணை, இரண்டு கண்களுக்கும் நடுவே தேன்கூடு போலச் சிறுசிறு அறைகளாக ஓர் இணை, மூக்குக்கு நேர் பின்னால் ஆழத்தில் ஓர் இணை. இவற்றின் சவ்வு ஓயாமல் சளியைச் சுரக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அந்தச் சளியை வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கன்ன அறையின் வாசல் அடியில் இல்லை, பக்கச்சுவரின் மேற்பகுதியில் இருக்கிறது. குளியலறையில் தண்ணீர் போகும் துளையைத் தரையில் வைக்காமல் சுவரின் உச்சியில் வைத்தால் எப்படியோ, அப்படி. நிற்கும்போதும் நடக்கும்போதும் அந்தச் சளி தானாக வடியாது. நுண்மயிர்கள்தாம் அதை மேல்நோக்கி ஏற்றிச் செல்ல வேண்டும். வாசலோ சில மில்லிமீட்டர் அகலமே உள்ளது. ஒவ்வாமையாலோ, அடிக்கடி வரும் சளிக்காய்ச்சலாலோ, புகையாலோ சவ்வு சற்று வீங்கினாலும் வாசல் அடைபடும். உள்ளே தேங்கிய சளி கெட்டியாகி, சவ்வை மேலும் உறுத்தி, வீக்கத்தைக் கூட்டும். வீக்கம் வாசலை இன்னும் இறுக்கும். இந்தச் சுழல் 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால்தான் அதை நாள்பட்ட சைனஸ் அழற்சி என்கிறார்கள். சிலருக்கு வீங்கிய சவ்வே, தோலுரித்த திராட்சை போல வெளிறித் தொங்கத் தொடங்கும். உங்கள் கணவருக்குச் சொல்லப்பட்ட சதை வளர்ச்சி அதுதான். அது புற்றுநோய் அன்று. வாசனை முற்றிலும் போவது பெரும்பாலும் இவ்வகையில்தான்.

தலைவலியைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒன்றும் இல்லை. ஆயினும் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு சொல். மூக்கடைப்பும் சளியும் இல்லாமல் நெற்றியிலும் கன்னத்திலும் விட்டுவிட்டு வலி மட்டும் வருகிறதென்றால், அது சைனஸாக இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். தமக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறத்தாழ 3,000 பேரை வைத்து அமெரிக்காவில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2004ல் வெளிவந்தது. அவர்களில் 88 விழுக்காட்டினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலிக்குரிய அறிகுறிகள். ஆண்டுக்கணக்கில் சைனஸ் மாத்திரை சாப்பிட்டும் குணமாகாதவர்கள் இந்தக் கோணத்திலும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இனி ஆன்டிபயாடிக். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் பாக்டீரியாதான் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். அந்த நிறம் பெரும்பாலும் நம் உடலின் வெள்ளணுக்கள் அங்கே வந்து வேலை செய்ததன் அடையாளம். வைரஸ் சளியிலும் அதே நிறம் வரும். நாள்பட்ட சைனஸில் ஆன்டிபயாடிக்கின் பங்கு மிகச் சிறியது. காய்ச்சல், ஒரு பக்கம் கடும் வலி, சீழ் என்று திடீரென முற்றும்போது அது வேண்டியிருக்கலாம். மூன்று ஆண்டுகளில் ஐந்தாறு முறை கொடுக்கப்பட்டும் வாசனை திரும்பவில்லை என்பதே, சிக்கல் வேறிடத்தில் இருப்பதைக் காட்டுகிறது. மீண்டும் ஒருமுறை எழுதிக் கொடுத்தால், எதைக் கண்டு கொடுக்கிறீர்கள் என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

உங்கள் மடலில் என்னை உடனே நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த இரவுநேரச் சொட்டு மருந்துதான். ஆக்ஸிமெட்டசோலின் போன்ற மருந்துள்ள சொட்டுகள் மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் வழி திறந்துவிடுகின்றன. சளிக்காய்ச்சலுக்கு மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் பயன்படுத்துவதற்கு அவை நல்ல மருந்து. அதற்கு மேல் போனால், மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். அந்த வீக்கத்துக்கு மறுபடியும் அதே சொட்டு. எங்கள் பிரிவுக்கு வந்த ஒருவர், டாக்சி ஓட்டுநர், சட்டைப்பையில் ஒன்று, வண்டியில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று என மூன்று புட்டிகள் வைத்திருந்தார். அவருக்கு மூக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தது அந்த மருந்தேதான். உங்கள் கணவரின் புட்டியை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். அது இவ்வகையாக இருந்தால், நிறுத்த வேண்டும். ஒரே நாளில் இரண்டு பக்கமும் நிறுத்த முடியாதவர்களுக்கு ஒரு துளையில் முதலில் நிறுத்தி, அது தெளிந்ததும் மற்றதில் நிறுத்துவது எளிதாக இருக்கும். அந்த ஒன்றிரண்டு வாரம் உறக்கம் கெடும். தலையணையை உயர்த்தி வைத்துக்கொள்ளட்டும். வீக்கத்தைத் தணிக்க மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை அதற்கு முன்பே தொடங்கிவிட்டால் தாண்டிவிடலாம்.

நாள்பட்ட சைனஸுக்கு அடித்தளமான சிகிச்சை இரண்டே இரண்டு: உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல், ஸ்டீராய்டு ஸ்ப்ரே. இரண்டும் விலை மலிவு. இரண்டுமே பெரும்பாலும் தவறாகச் செய்யப்படுகின்றன. கழுவுதலை முதலில் எடுத்துக்கொள்வோம். யோகப் பயிற்சியில் ஜலநேதி என்று செய்கிறார்களே, அடிப்படை அதுதான். மருந்தகங்களில் சுமார் 240 மில்லிலிட்டர் கொள்ளும் பிதுக்குப் புட்டியும், அதற்கேற்ற உப்புப் பொட்டலங்களும் கிடைக்கின்றன. வீட்டில் கலப்பதானால், லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது நம் உடல்நீரின் உவர்ப்புக்குச் சமம். ஒரு புட்டிக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, அயோடின் சேர்க்காத உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போதும். உப்பு குறைந்தால் எரியும். நீச்சல் குளத்துத் தண்ணீர் மூக்கில் ஏறியதைப் போல இருக்கும். பலரும் முதல் நாளிலேயே கைவிடுவது இந்த எரிச்சலால்தான்.

தண்ணீரைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேசுவேன். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் குடிக்கும் தண்ணீர் வயிற்றின் அமிலத்துக்குள் போகிறது. மூக்கில் விடும் தண்ணீருக்கு அந்தக் காவல் இல்லை. 2011ல் அமெரிக்காவின் லூசியானாவில், குழாய்த் தண்ணீரைக் கொண்டு மூக்கைக் கழுவிய இருவர், நெக்லேரியா என்னும் அமீபா மூக்கின் வழியே மூளைக்குச் சென்றதால் இறந்தனர். அது மிக மிக அரிதான நோய். இருந்தாலும் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் என்ற ஒழுங்கைக் கடைப்பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? இரவே கொதிக்க வைத்து மூடி வைத்தால், காலையில் சிறிது சுடுநீர் சேர்த்து இளஞ்சூடாக்கிக்கொள்ளலாம். அந்தச் சுடுநீரும் கொதித்ததாகவே இருக்கட்டும்.

செய்முறை இது. கைகழுவும் தொட்டியின்மேல் நன்றாகக் குனிந்து, தலையைச் சற்று ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, புட்டியின் முனையை மேல்பக்கத் துளையில் பொருத்தி மெல்லப் பிதுக்க வேண்டும். அப்போது "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொல்வேன். சொல்லும்போது தொண்டையின் பின்வாசல் மூடிக்கொள்வதால் தண்ணீர் வாய்க்குள் இறங்காது. விழுங்கக் கூடாது, மூச்சை உள்ளிழுக்கக் கூடாது. தண்ணீர் மறு துளையால் வெளியே வரும். அம்மா ஒருவர், 60 வயதைத் தாண்டியவர், முதல் முறை மூச்சு முட்டுமோ என்ற பயத்தில் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு செய்தார். இரண்டாவது பிதுக்கலில், பசைபோலக் கெட்டியான பழுப்புநிறச் சளி ஒன்று விரல் நீளத்துக்குத் தொட்டியில் விழுந்தது. அதை அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இதுவா இத்தனை நாளும் என் தலைக்குள் இருந்தது?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் ஒருநாளும் விட்டதில்லை. கழுவி முடித்ததும் மூக்கை அழுத்திச் சிந்தாமல், குனிந்தபடியே மெல்ல ஊதி, மிச்ச நீரை வடிய விட வேண்டும். புட்டியை அன்றன்றைக்குச் சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கழுவிச் சிறிது நேரம் சென்ற பிறகுதான் ஸ்ப்ரே. சளி படிந்த சவ்வின்மேல் மருந்தடிப்பது, தூசி படிந்த சுவருக்குச் சாயம் பூசுவதைப் போன்றது. ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசொனைட் என்ற பெயர்களில் எது கொடுத்திருந்தாலும் முறை ஒன்றுதான். தலையை அண்ணாந்து வைத்து அடிக்காதீர்கள். மருந்து நேராகத் தொண்டைக்கு ஓடிவிடும். சற்றே முன்னால் குனிந்து, வலது துளைக்கு இடது கையையும் இடது துளைக்கு வலது கையையும் பயன்படுத்தி, முனை அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்குமாறு அடிக்க வேண்டும். இரண்டு துளைகளுக்கும் இடையிலுள்ள நடுத்தண்டின்மேல் நேராகப் பட்டால்தான் மூக்கில் இரத்தம் கசிவது, காய்வது எல்லாம். அடித்ததும், பூவை முகர்வதைப் போல் மெல்ல இழுத்தால் போதும்; பலமாக உறிஞ்சினால் சவ்வில் தங்க வேண்டிய மருந்து தொண்டைக்குப் போய்விடும். இது சொட்டு மருந்தைப் போல அந்த நொடியே திறக்காது. ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வேறுபாடு தெரியத் தொடங்கும். பயன்படுகிறதா என்று தீர்ப்புச் சொல்ல எட்டு முதல் 12 வாரம் விடாமல் அடித்திருக்க வேண்டும். "அடித்தேன், கேட்கவில்லை" என்று சொன்னவர்களை என் முன்னால் ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்வேன். பாதிப் பேருக்குமேல் அண்ணாந்துதான் அடிப்பார்கள். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கும் ஒன்று: மூக்கில் அடிக்கும் இந்த மருந்துகளில் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். கண்ணழுத்த நோய் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாமியாரின் அறிவுரைக்கு வருகிறேன். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆவி பிடித்தால் சற்று நேரம் இதமாக இருப்பது உண்மை. ஆனால் 2016ல் பிரிட்டனில் 871 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உப்பு நீரில் கழுவியது ஓரளவு பயன் தந்தது. ஆவி பிடித்ததால் சொல்லும்படியான பயன் கிடைக்கவில்லை. கொதிக்கும் பாத்திரம் மடியில் கவிழ்ந்து வெந்துபோன தொடைகளையும் நான் பார்த்திருக்கிறேன். நீரிழிவுக்காரருக்கு அந்தப் புண் எளிதில் ஆறாது. கோடாலி தைலமும் அப்படியே: அதிலுள்ள மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டி மூக்கு திறந்ததுபோலத் தோன்ற வைக்கிறது, உள்ளே போகும் காற்றின் அளவு கூடுவதில்லை. தலைக்குக் குளிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. தலையில் ஊற்றும் தண்ணீர் மண்டையோட்டைத் தாண்டிச் சைனஸ் அறைகளுக்குள் போக வழியே இல்லை. ஈரத் தலையோடு ஏர்கானுக்கு நேரே படுக்காமல் துவட்டிக்கொண்டால் போதும். தயிரும் வாழைப்பழமும் சளியைப் பெருக்குகின்றன என்பதற்கும் சான்று இல்லை. அவருக்குப் பிடித்தால் சாப்பிடட்டும், சர்க்கரைக் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சுக்குக் கஷாயம் குடித்தால் தொண்டைக்கு நல்லதுதான். மூக்கினுள் எண்ணெயோ மூலிகைச் சாறோ பிழிந்து விடுவதை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

நம் ஊரின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டையும் தாண்டுகிறது. மழையில்லாத பிற்பகலில்கூட 60 விழுக்காட்டளவில் இருக்கிறது. வீட்டுத் தூசிப்பூச்சிகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இங்கு மூக்கு ஒவ்வாமைக்கு முதல் காரணம் அவைதாம். மெத்தை, தலையணை, திரைச்சீலை, துணி சோபா ஆகியவற்றில் அவை பெருகுகின்றன. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுநீரில் துவைப்பதும், மெத்தைக்குத் தூசிப்பூச்சி புகாத உறை போடுவதும் செய்யத்தக்கவை. ஏர்கான் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் அது அறையின் ஈரத்தைக் குறைக்கிறது. வடிகட்டியைக் கழுவாமல் விட்டுப் பூஞ்சை பிடிக்க வைப்பதுதான் கெடுதல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழட்டிக் கழுவுங்கள். வெப்பநிலையை 25 டிகிரியில் வையுங்கள். சுள்ளென்ற வெயிலிலிருந்து குளிர்ந்த விரைவு ரயிலுக்குள் ஏறியவுடன் மூக்கு ஒழுகுவது ஒவ்வாமையே இல்லாதவர்களுக்கும் நடக்கும். பூசையறையில் சாம்பிராணியும் ஊதுபத்தியும் ஏற்றும்போது சன்னலைத் திறந்து வைத்து, அவரைச் சிறிது நேரம் வேறு அறையில் இருக்கச் சொல்லுங்கள்; சாமிக்கு விளக்கு ஒன்று போதும் என்பது என் எண்ணம். புகைமூட்டக் காலத்தில், காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்ட 2013 ஜூன் மாதத்தில், எங்கள் பிரிவில் உட்கார இடமில்லாமல் நின்றார்கள். அத்தகைய நாள்களில் வெளியே போய் வந்ததும் ஒருமுறை கூடுதலாக மூக்கைக் கழுவிக்கொள்வது நல்லது. அவர் புகைப்பவராக இருந்தால், மேலே சொன்ன நுண்மயிர்களை முடக்குவதில் சிகரெட்டை மிஞ்சியது இல்லை.

இப்போது அறுவை. கழுவுதலும் ஸ்ப்ரேயும் சரியான முறையில், சொன்ன காலத்துக்குச் செய்யப்பட்ட பிறகும் வாசல்கள் அடைபட்டே இருந்தால், அறுவை சிகிச்சை நல்ல வழி. இன்று செய்யப்படுவது, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெசர்கிளிங்கர் என்ற மருத்துவர் வகுத்த பாதையில் வளர்ந்து, 1980களில் உலகெங்கும் பரவிய உள்நோக்கி அறுவை, அதாவது மெல்லிய குழாய்க் கருவியால் உள்ளே பார்த்தபடியே செய்வது. முகத்தில் வெட்டுக்காயம் இராது. முழு மயக்கத்தில், மூக்குத் துளை வழியாகவே கருவியைச் செலுத்தி, தொங்கும் சதையை எடுத்து, அடைபட்ட வாசல்களை அகலமாக்குவார்கள். சைனஸ் அறைகளைக் கண்குழியிலிருந்தும் மூளையிலிருந்தும் பிரிக்கும், காகிதம் போன்ற மெல்லிய எலும்புச் சுவர்களுக்கு அருகில் செய்யப்படுவதால் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய சிக்கல்கள் அரிது. அவற்றைத் தவிர்க்கத்தான் சிடி ஸ்கேன் முன்கூட்டியே எடுக்கப்படுகிறது. ஸ்கேனில் சவ்வு தடித்திருப்பது அறிகுறியே இல்லாத பலருக்கும் தெரியும். எனவே படத்தை மட்டும் வைத்து யாரும் கத்தி எடுப்பதில்லை.

உறவினருக்குத் திரும்ப வந்தது பற்றி: அறுவை, வீங்கும் தன்மையை மாற்றுவதில்லை; சதை வளர்ந்தவர்களில் கணிசமானோருக்குச் சில ஆண்டுகளில் மீண்டும் வளர்கிறது. ஆனால் அகன்ற வாசல் வழியாக உப்பு நீரும் மருந்தும் அறைகளின் உள்வரை சென்று படியும். அறுவைக்கு முன் அவை வாசலிலேயே நின்றுவிட்டிருந்தன. அறுவைக்குப் பிறகு, இனி எல்லாம் சரி என்று ஸ்ப்ரேயை நிறுத்தியவர்கள்தாம் இரண்டாம் முறை அதிகமாக வந்தார்கள் என்பது என் அனுபவம். உங்கள் உறவினரிடம் அவர் அறுவைக்குப் பின் எத்தனை மாதம் கழுவினார் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கணவர் செய்துகொள்வதானால், முதல் ஒன்றிரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, கனமான பொருளைத் தூக்கக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். விமானப் பயணத்தையும் மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போட வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் நாளைக் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அவருடைய நீரிழிவை இங்கே மறக்க முடியாது. சதையைச் சுருக்க, அறுவைக்கு முன்போ தனியாகவோ சில நாள்கள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது வழக்கம். வாசனை சட்டென்று திரும்பி, நோயாளி மகிழ்ந்துபோவார். சர்க்கரையும் சட்டென்று ஏறும். அந்த நாள்களில் விரல்நுனிச் சோதனையை அடிக்கடி செய்து, நீரிழிவு மருந்தைக் கூட்ட வேண்டுமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மாத்திரையைப் பிறகு தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. அவருக்கு ஆஸ்துமாவும் இருந்து, ஆஸ்பிரின் அல்லது அதன் இன வலி மாத்திரை சாப்பிட்டால் மூச்சு இறுகுகிறதென்றால், அது தனி வகை. கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பிறகும் அடங்காத சதை வளர்ச்சிக்கு, 2019 முதல் டுபிலுமாப் போன்ற ஊசி மருந்துகள் ஏற்கப்பட்டுள்ளன. பயன் நன்று, விலை மிக அதிகம். உங்கள் கணவர் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.

ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ஒரு பக்கம் மட்டும் நாற்றமுள்ள சளி, சளியில் இரத்தம், கழுத்தில் கட்டி, ஒரு காது அடைத்தே இருப்பது ஆகியவற்றைச் சைனஸ் என்று தள்ளிவிடக் கூடாது. மேல் கடைவாய்ப் பல்லின் வேரிலிருந்து கன்ன அறைக்குத் தொற்று பரவியிருக்கலாம். மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேரும் இடத்துப் புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கடும் தலைவலியோடு காய்ச்சலும் கழுத்து விறைப்பும் வந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்; நடக்க முடியாத நிலையென்றால் 995ஐ அழைக்க வேண்டும்.

செலவைப் பற்றிக் கவலை இருந்தால், பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் போனால் மானியம் கிடைக்கும். நேரே தனியார் நோயாளியாகப் பதிந்துகொண்டால் கிடைக்காது. அறுவைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பிலிருந்து எவ்வளவு, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியிலிருந்து எவ்வளவு என்பதை மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் நாள் குறிக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது, அவர் பயன்படுத்தும் எல்லாப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தாதியின் முன் ஸ்ப்ரேயை ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு இடையில் வீட்டில் ஒன்று செய்யலாம். ஞாயிறுதோறும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு காப்பித்தூள் டப்பாவை அவர் முகர்ந்து பார்க்கட்டும். தெரிந்ததா, இலேசாகத் தெரிந்ததா, தெரியவே இல்லையா என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். 12 வாரக் குறிப்பு கையில் இருந்தால், அறுவை வேண்டுமா என்பதை மருத்துவரும் நீங்களும் சேர்ந்து முடிவுசெய்ய அது பெரிதும் உதவும். வாசனை திரும்பும்வரை அடுப்பை ஏற்றிவிட்டு அவரை மட்டும் சமையலறையில் விட்டு வர வேண்டாம்.